திறந்த கண்கள்

கொட்டாஞ்சேனை,
ஆவணி 1938

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி? நான் சுகம். வேலை முடிந்த பிறகு பென்சிலால் முகப் படம் கீறப் பழகுகிறேன். மூக்கு வந்துவிட்டது, கண்தான் இன்னும் பிழையாக வருகிறது.

போன மாதம் முகத்துவாரத்தில் மனுவேல் என்ற மீனவன் கடலில் மூழ்கி இறந்துபோனான். வீட்டில் அவனுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. நான் படம் கீறுவதைக் கேள்விப்பட்டு, அவன் தாய் வந்து அழைத்தார். உடலைப் பார்த்துக் கீறினேன்.

"கண்ணைத் திறந்து கீறு தம்பி. மூடியிருந்தால் நான் எப்படி அவனோட கதைக்கிறது?" என்றார்.

அவன் கண்ணை நான் கண்டதே இல்லை. அறைக்கு வந்து, கண்ணாடியில் என் கண்களைப் பார்த்துக் கீறிக் கொடுத்தேன். "இதுதான் என்ர பிள்ளை" என்று படத்தை அணைத்துக்கொண்டார்.

இப்போது தினமும் எனக்குச் சோறு கொண்டுவருகிறார். சாப்பிட்டு முடியும்வரை என் கண்களையே பார்த்திருக்கிறார். நேற்று "மனுவேல்" என்று கூப்பிட்டார். "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை, பாவம் அவர்.

கீறிப் பழக உங்கள் போட்டோ ஒன்று அனுப்புங்கள். பதில் எழுதும்போது என் பெயரை இரண்டு மூன்று இடத்தில் எழுதுங்கள். அவர் படியேறி வரும் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்,
குலவீரசிங்கம்