பத்து நாள் பார்வைக் குறிப்பு

காந்திமதியம்மை துணை

திருநெல்வேலி டவுண்
17.11.1996

அன்பு மகன் குருபிரசாத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சாமி புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், மெட்ராஸ் மழையில் நனைந்து நீ சளி பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். ஆற்றில் செந்தண்ணீர் போகிறது, குழாயிலும் அதே நிறம்தான், வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, டாக்டரிடம் போகச் சொன்னால் தைலம் போதும் என்கிறார், நீ ஒரு வரி எழுதினால் கேட்பார். உன் தங்கை மதுமதி தீபாவளிக்கு வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள்.

உன் கடிதம் கிடைத்தது. புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு முதல் வருடம் மூத்தவர் ஒருவர் உடனிருந்து வழிகாட்ட அரசு திட்டம் போடுகிறது, அதன் வரைவு உன் பிரிவுக்கு வந்திருக்கிறது என்றதும் அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் பெருமைதான். ஆனால் ஐந்து வருடத்துக்கு முன் பாக்கியசீலன் சாருக்குத் தலைமையாசிரியையாக நான் எழுதிய பத்து நாள் வகுப்புப் பார்வைக் குறிப்பை, அதிகாரி மெச்சிய அந்தப் பக்கங்களை, மாதிரிப் படிவமாகச் சேர்க்க நகல் கேட்டிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குரு, அந்தப் பத்து நாளில் ஒரு நாள்கூட நான் அவர் வகுப்பில் போய் உட்காரவில்லை.

எங்கள் பள்ளியில் யாருக்கும் வேண்டாத வகுப்பைப் புதிதாக வருகிறவர் தலையில் கட்டுவது வழக்கம். நாங்களும் அப்படித்தானே வந்தோம் என்று ஓர் இறுமாப்பு. கடற்கரை ஊரிலிருந்து முதல் வேலைக்கு வந்த பிள்ளை அவர், அறுபத்திரண்டு பிள்ளைகள் இருந்த ஐந்தாம் வகுப்பைக் கொடுத்தோம். முதல் வாரமே என் அறை வாசலில் வந்து நின்று, டீச்சர் ஒரு நேரம் வந்து உக்காந்து பாருங்களேன், பிள்ளைய யாரும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்கு என்றார். எல்லாம் பைய பழகிரும் போங்க என்றேன். என் அறைக்கும் அந்த வகுப்புக்கும் நடுவே ஒரு ஓலைத்தட்டிதான். பேசாதீங்கலே, பேசாதீங்கலே என்று அவர் கெஞ்சுவது முழுக்கக் கேட்கும். கேட்டுக்கொண்டேதான் வருகைப் பதிவேடு எழுதினேன்.

அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் ஒரே மத்தியானத்தில் பத்து நாள் குறிப்பையும் எழுதினேன், மையைக்கூட மாற்றி மாற்றி. வகுப்புக் கட்டுப்பாடு நன்று, தக்க அறிவுரை வழங்கப்பட்டது என்று. அவரைக் கூப்பிட்டுப் பத்து இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். படித்துப் பார்த்துவிட்டு, வந்து பாத்த மாதிரியே எழுதியிருக்கியளே டீச்சர் என்றார். எல்லாருக்கும் இப்படித்தான், போடுங்க என்றேன். போட்டார்.

அடுத்த மாதம் வகுப்பை அடக்கமுடியாமல் ஒரு பெண் பிள்ளையை அறைந்துவிட்டார், அவளுக்கு இடது காது கேட்காமல் போயிற்று. அவர் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். விசாரணையில், எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தரல என்றார். என் நோட்டைத் திறந்து அவர் கையெழுத்துகளைக் காட்டினார்கள். என்னைப் பார்த்தார், நான் குனிந்துகொண்டேன். டீச்சர் எழுதுனா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பத்து நாள் வழிகாட்டியும் திருந்தாதவர் என்று ஆணையில் எழுதி வேலையிலிருந்து நீக்கினார்கள். இப்போது எங்கே இருக்கிறாரோ, அவர் ஊரில் கேட்டும் தெரியவில்லை.

அந்த வகுப்பை இப்போது இன்பமணி டீச்சர் பார்க்கிறாள், சத்தமே வராது. தட்டியை எடுத்துச் சுவரும் கட்டியாகிவிட்டது. ஆனாலும் எனக்கு அந்தக் கெஞ்சல் கேட்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அரிசி களையும்போதுகூட. அறை வாங்கிய அந்தப் பெண் பிள்ளை பஸ்ஸில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லி, நான் பேசுவதைக் கேட்க வலது காதைத் திருப்புகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது குரு.

தலைமையாசிரியர் சான்று போதும் என்று வரைவில் ஒரு வரி இருப்பதாக எழுதியிருந்தாய், அதை அடித்துவிடு. யார் வந்தார், என்ன சொன்னார் என்பதைப் புதியவரே தன் கையால் எழுதட்டும், அதை அவர் தலைமையாசிரியர் படிக்க வேண்டாம். மாவட்ட அதிகாரிக்கு நேற்று எல்லாவற்றையும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அப்பாவிடமும் சொன்னேன், பிள்ளைக்கும் எழுதிரு என்றார்.

அம்மையும் அப்பனும் உன்னைக் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், மறக்காமல் உன் மேலதிகாரியிடம் காட்டு. யார் எழுதியது என்று கேட்டால் தயங்காதே, என் அம்மா என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
சண்முகசுந்தரி