ஹார்ட்வெல் துரையின் பளிங்குக்கல்

கீழ் கோத்தகிரி
3 ஜூன் 2024

அன்பு மகள் ஹன்னாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். போனில் பேசினால் கோபத்தில் எனக்கு வார்த்தை வராது; அதனால் எழுதுகிறேன். சொல்ல இருப்பவை:

1. கல்வெட்டின் பொய்
2. தலைப்பாகை
3. இல்லாத பெயர்
4. ஞானஸ்நானம்

ஒன்று. உங்கள் ஊர் ஆலயத்தில் இருக்கும் ஹார்ட்வெல் குடும்ப நினைவுச் சின்னத்தை, நீ அனுப்பிய படத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 'தன் தொழிலாளரைக் காக்கப் போய் மண்சரிவில் உயிர்நீத்தார்' என்று நம் எஸ்டேட் முதலாளியாக இருந்த துரையைப் பற்றிப் பொறித்திருக்கிறார்கள். 1955இல் எனக்கு ஒன்பது வயது; பார்த்துக்கொண்டு நின்றேன். புதைந்தது துரையின் ஜீப். அவரை இழுக்கப் போனவர் மேஸ்திரியாக இருந்த உன் தாத்தா ஞானமுத்து. மண் மறுபடி சரிந்து இருவரையும் மூடியது.

இரண்டு. கல்லில் செதுக்கிய சிற்பத்தில் துரையின் காலடியில் தலைப்பாகையோடு ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். அப்பா தலைப்பாகை கட்டியதே இல்லை. காக்கித் தொப்பிதான்.

மூன்று. துரை, துரைசாணி, பிள்ளைகள், நாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது. அப்பாவுக்கு இல்லை.

நான்கு. அந்தக் கல்லுக்கு எதிரே என் பேத்திக்கு ஞானஸ்நானம் வேண்டாம். அங்கே நடந்தால் நான் வரமாட்டேன்.

"கல்லோட சண்டை போட்டுட்டுப் பேத்தியப் பாக்காம இருப்பீங்களாக்கும்" என்கிறாள் அம்மா. அதிகமாக எழுதிவிட்டேனோ தெரியவில்லை. ஆனாலும் அனுப்புகிறேன்.

அப்பா,
சில்வஸ்டர்


இங்கிலாந்து
19 ஜூன் 2024

அன்புள்ள அப்பா,

ஞாயிறன்று ஆயரிடம் உங்கள் கடிதத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னைக் கல்லருகே அழைத்துப் போனார். கல்லின் அடிப்பகுதியைப் பாட்டுப்புத்தக அலமாரி மறைக்கிறது. அங்கே என்ன என்று கேட்டேன். "ஏதோ கொடி வேலைப்பாடு" என்றார். நகர்த்தினோம்.

கொடி இல்லை அப்பா. தமிழ். ஞானமுத்து என்று.

துரைசாணி எஸ்டேட்டின் சம்பளப் பதிவேடான செக்ரோலிலிருந்து தாத்தாவின் கையெழுத்தை வெட்டி அனுப்பி, அப்படியே செதுக்கச் சொன்னாராம். ஆலயத்தின் பழைய குறிப்பில் இருக்கிறது. கல்லில் உள்ள பெயரின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஞானஸ்நானம் ஆகஸ்ட் 11. வரமாட்டேன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா.

ஹன்னா


கீழ் கோத்தகிரி
2 ஜூலை 2024

அன்பு மகளுக்கு,

படத்தை இரண்டு நாள் பார்த்தேன். கடைசி எழுத்தின் வாலை இழுத்துப் பெயருக்கு அடியில் கோடு போடுவது அப்பாவின் வழக்கம். அந்தக் கோடும் இருக்கிறது.

அதை இத்தனை வருடம் புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தவர்கள்மேல் கோபம் தீரவில்லை. அலமாரி திரும்ப அங்கே போகக் கூடாது. ஒன்றும் இரண்டும் அப்படியே நிற்கின்றன. ஆயரிடம் எழுத்தில் பதில் வாங்கு.

ஞானஸ்நானம் அங்கேயே நடக்கட்டும். விசாவுக்கு இருவரும் விண்ணப்பித்துவிட்டோம்.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு.

அப்பா,
ஞா. சில்வஸ்டர்