இருவருக்கு ஒரு மேசை

மந்தின் தோட்டம்,
7 மார்ச் 1932

சௌபாக்கியவதி நீலாவதிக்கு,

உன் கணவனும் இத்தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியுமான இராமகிருஷ்ணன், உன்னை விருந்துக்கு அழைக்கும் பொருட்டு எழுதுவது. "உங்களோடு உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிட்டிருக்கிறேனா?" என்று கேட்டுவிட்டு நீ ராசா ஊருக்கு, உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய். நம் வழக்கப்படி மனைவி பிறகுதான் உண்பாள். வெள்ளைக்காரர் போகும் சிரம்பான் ஹோட்டலிலோ கணவனும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார, பெண்களுக்கே முதலில் பரிமாற வேண்டும் என்பது விதி. அவ்விதி எனக்கு உதவியாயிற்று.

அங்கே முன்கூட்டியே தொலைபேசியில், இங்கிலீஷில் இடம் கேட்க வேண்டும். என் ஆபீஸ் இங்கிலீஷ் துரைக்கு அறிக்கை எழுதவும் கடைகளுக்கு உத்தரவு அனுப்பவும் மட்டுமே பழகியது. அங்கே பரிமாறும் மதார் மைதீன் என்னைத் திருத்தினார். "இது மண்ணெண்ணெய்க் கடை இல்லலா, கிராணியாரே. ஏழு மணிக்கு வேணும்னு சொல்லாதீங்க. எந்த நேரம் தோதுப்படும்னு கேளுங்க." அவருக்கு என்றும் நன்றியுடையேன்.

துரையின் அனுமதி பெற்று ஆபீஸ் தொலைபேசியில் பேசினேன். எந்தத் துரைக்கு மேசை என்றார்கள். "என் மனைவிக்கும் எனக்கும்" என்றேன். பிறகு எழுதிக்கொண்டார்கள். 19ஆம் தேதி சனிக்கிழமை, மாலை ஏழு மணி. தவறாமல் வரவும்.

இங்ஙனம்,
இராமகிருஷ்ணன்

ராசா,
11 மார்ச் 1932

அன்புள்ள உங்களுக்கு நீலாவதி வணங்கி எழுதுவது.

"எந்தத் துரைக்கு" என்ற இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். வெள்ளைக்காரர் சாப்பிடும் இடத்தில் எனக்காக மேசை கேட்டீர்களே, அந்த நன்றி என் ஆயுசுக்கும் இருக்கும்.

ஆனால் சனிக்கிழமை அண்ணன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். நான் வர முடியாது. ஹோட்டல்காரரிடம் எந்த நேரம் தோதுப்படும் என்று அவ்வளவு பணிவாகக் கேட்டீர்கள். எனக்கு மட்டும் "தவறாமல் வரவும்" என்றா? காலையில் பெயர் கூப்பிடப் பிரட்டில் நிற்கும் ஆளா நான்?

வேளைக்குச் சாப்பிடுங்கள். மோர்மிளகாய் கொடுத்தனுப்புகிறேன்.

நீலாவதி

மந்தின் தோட்டம்,
14 மார்ச் 1932

அன்புள்ள நீலாவதிக்கு,

நீ சொன்னதே முறை. மதார் மைதீனைவிட உனக்கே அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன். இத்தனை வருடம் நீ ஆக்கிப் போட்ட சோற்றுக்கு நான் நன்றி சொன்னதில்லை. கணவன் மனைவிக்குள் அது வழக்கமில்லை என்றிருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், நன்றி.

சனிக்கிழமை வர இயலாததற்கு ஹோட்டலில் வருத்தம் தெரிவித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ராசாவுக்கு வருகிறேன். உன் அண்ணன் வீட்டில் எனக்கு இலை போடுவார்கள். என்னோடு சாப்பிடச் சம்மதமா என்று எல்லார் முன்னிலும் உன்னைக் கேட்பேன். சம்மதமென்றால், பக்கத்தில் உனக்கும் ஓர் இலையை நானே போடுவேன். நீ வந்து உட்காரும் வரை சோற்றில் கை வைக்க மாட்டேன்.

உன்,
இராமகிருஷ்ணன்