துக்க வருஷத்தில் ஃபட்ஜ்

டிச. 19, வெள்ளி

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். பள்ளி ஆபீஸ் இன்றோடு மூடல், இனிக் கிறிஸ்மஸ் லீவு. டிராயரைப் பூட்டும்போது மைனியின் போன். மைனி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. எங்கள் குடும்பத்தின் போலீஸ் ஸ்டேஷன்.

"ஸ்டெல்லா, இந்த வருஷம் ஸ்டார் தூக்கப்பிடாது, கேட்டியா. கேக்கு, பலகாரம் ஒண்ணும் செய்யாண்டாம். துக்க வீடாக்கும். சாப்பாடு நான் குடுத்து விடுகேன்."

"ம்" என்றேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் போனது ஜூலையில். முதலில் சர்க்கரை, பிறகு கிட்னி. டாக்டர் சொன்ன நாளிலிருந்து பதினோரு வருஷம் இந்த வீட்டுக்குள் இனிப்பு வரவில்லை. நான்தான் நிறுத்தினேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் மட்டும் எப்படித் தின்பது? கல்யாண வீட்டுப் பாயசத்தைக்கூடத் தள்ளி வைத்தேன். கிறிஸ்மஸுக்கு முறுக்கும் சுண்டலும். எனக்கு இனிப்பு என்றால் உயிர். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த வருஷம் செய்யப் போகிறேன். ஓவன் இல்லை, அதனால் கேக் முடியாது. ஃபட்ஜ். சாக்லேட் பர்பி மாதிரி ஒன்று. போனில் ஒரு பெண் செய்து காட்டுகிறாள். சாக்லேட், வெண்ணெய், கண்டென்ஸ்டு மில்க், அவ்வளவுதான். "ரொம்ப ஈஸி, ரொம்ப ஈஸி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பார்ப்போம்.

டிச. 20, சனி

ஆரியசாலைக் கடைத்தெரு. தோள் இடிக்காமல் நடக்க முடியாத கூட்டம். வாங்கியவை:

குக்கிங் சாக்லேட், பெரிய கட்டி
கண்டென்ஸ்டு மில்க்
வெண்ணெய்
முந்திரி, உடைத்தது (முழுசு விலை கேட்டு வைத்துவிட்டேன்)
பட்டர் பேப்பர்
துணி சோப்

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். "என்னக்கா, வீட்ல கிறிஸ்மஸ் ஜோரா?" என்றார்.

"ஜோர்தான்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. ஜூலைக்குப் பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தாமல் பேசிய முதல் ஆள். இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று சீரகம் விலை கேட்டேன்.

முட்டி வலி. செருப்பு மாற்ற வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும்.

டிச. 21, ஞாயிறு

சர்ச். முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடிக்கிறார்கள். "நீங்க அடுப்பு பத்த வைக்காண்டாம், நாங்க தாறோம்." அன்புதான், தெரியும். ஆனால் துக்க வீடு வாங்க மட்டும்தான் செய்யலாமாம். கொடுக்கக் கூடாதாம். வந்த பாத்திரத்தைக் கழுவி வெறுமனே திருப்ப வேண்டுமாம். பாதிரியாரிடமே கேட்டேன்.

"அப்பிடி சட்டம் ஒண்ணும் இல்லம்மா. ஒரு மரியாதைக்கு..." என்று இழுத்தார்.

யாருக்கு மரியாதை?

மத்தியானம் முதல் முயற்சி. கொதிக்கும் தண்ணீர் மேல் கிண்ணம், கிண்ணத்தில் சாக்லேட். அழகாக உருகி வந்தது. ஈரக் கரண்டியைப் போட்டேன். போச்சு. கண் முன்னால் இறுகி மணல் மணலாக ஆகிவிட்டது. நின்றபடியே ஸ்பூனால் எடுத்து வாயில் வைத்தேன். கசப்பு, நறநறப்பு, நடுவில் இனிப்பு. நிறுத்த முடியவில்லை. அழுகை வந்தது, தின்பதும் நிற்கவில்லை.

டிச. 22, திங்கள்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

மகள் ஜெனி பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, அறிவுரைக்கு மட்டும் நேரம் இருக்கிறது.

"அம்மா, அத்தை கூப்பிட்டாங்க. நீ சர்ச்ல பாதிரியார்ட்ட என்னவோ கேட்டியாமே. ஒரு வருஷம் சும்மா இரேன். அதுக்குள்ள அப்பாவ மறந்துட்டியான்னு கேப்பாங்க."

"கேக்கது அவங்களா, நீயா?"

அவள் வாய் திறக்குமுன் நானே தொடர்ந்தேன்.

"உங்கப்பாவுக்கு தெனமும் ஊசி போட்டது நான் பிள்ளே. டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போனது நான். மறக்கணும்னா கூட எனக்கு வராது. ஃபட்ஜ் செஞ்சா மறந்துருவனா?"

போனை வைத்துவிட்டுக் காய்ந்த துணியை மடித்தேன். அரை மணி கழித்து மெசேஜ்: 'எனக்கும் கொஞ்சம் கூரியர் பண்ணுவியா?'

பண்ணுவேன். திமிர் பிடித்தவள். என் மகள்தானே.

டிச. 23, செவ்வாய்

வந்துவிட்டது!

கிண்ணம், கரண்டி எல்லாம் துணியால் துடைத்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல். இந்தத் தடவை அடிகனமான சட்டி. தீ சின்னது. மூன்றையும் ஒன்றாகப் போட்டு, கிண்டிக்கொண்டே. முதலில் எண்ணெய் பிரிகிற மாதிரி ஒரு பயம் காட்டும். கிண்டு. பிறகு பளபளவென்று ஒன்று சேர்ந்து, சட்டியை விட்டு விலகும். முந்திரி. தட்டில் பட்டர் பேப்பர், அதன்மேல் ஊற்றி, ஃபிரிட்ஜில். மாலையில் கத்தியைச் சூடு காட்டி வெட்டினேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஓரத்துண்டு எனக்கு. இன்னொரு ஓரத்துண்டும் எனக்கு.

அந்தத் தெம்பில் பரணிலிருந்து ஸ்டாரை இறக்கினேன். மாடி வீட்டு மலையாளிப் பெண் சுதா ஓடி வந்தாள். "சேச்சி, ஸ்டூல் ஞான் பிடிக்காம். வீழல்லே!" அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, ஏறிக் கட்டினேன். பல்பு எரிந்தது. சிவப்பு.

டிச. 24, புதன்

எதிர்பார்த்தபடி காலையிலேயே மைனி. கேட்டுக்கு உள்ளே வரவில்லை.

"அத அவுத்துப் போடு."

"மாட்டேன் மைனி."

"பிரேதம் எடுத்த வீடாக்கும் பிள்ளே."

"எடுத்தது என் கட்டில்ல இருந்துதான். எனக்குத் தெரியாதா?"

"அவன் மேல பாசம் உண்டும்னா நீ இப்பிடிச் செய்வியா?"

"பதினோரு வருஷம் வாயக் கட்டினேன். அவருக்காக. அப்ப ஒருத்தரும் பாசம்னு சொல்லல்ல. இப்ப எனக்கு வேண்டியத நான் தின்பேன். நாலு பேருக்குக் குடுக்கவும் செய்வேன்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். முதுகு கூனிவிட்டது மைனிக்கு. தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அதை நினைத்தேன், ஆனாலும் ஸ்டாரை அவிழ்க்கவில்லை.

ஏழு மணிக்கு கேரல் பையன்கள். தெருமுனையில் டிரம் கேட்டது, பக்கத்து வீட்டில் பாட்டு. என் கேட்டுக்கு வந்ததும் டிரம் நின்றது. தலையைக் குனிந்து, செருப்புச் சத்தம் வராமல் தாண்டிப் போகிறார்கள். கிறிஸ்மஸ் தாத்தா வேஷக்காரன்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டான். எனக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ, கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினேன்.

"ஏன் நிறுத்தினிய? அடிங்க!"

"ஆன்ட்டி... இது துக்க வீடுன்னு..."

"என் வீடு. நான் சொல்லுகேன். அடிங்க."

டிரம்காரப் பையன் அடித்தான். முதலில் பயந்து பயந்து, பிறகு ஜன்னல் அதிர. சுதா மாடியிலிருந்து கை தட்டுகிறாள். தட்டைக் கொண்டுவந்து நீட்டினேன். "இது எந்தக் கடை ஆன்ட்டி?" என்றான் வேஷக்காரன், தாடியைத் தூக்கிவிட்டுத் தின்றபடி.

"கடை இல்ல. நான்."

டிச. 25, வியாழன்

ஆராதனைக்குப் பச்சைச் சேலை. பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஆட்டோக்காரர், கையில் மைனியின் தூக்குச்சட்டி. கோழிக்கறி, ஆப்பம். நேற்று அத்தனை பேசின பிறகும். ஆப்பம் சூடாக இருந்தது. எல்லாவற்றையும் தின்றேன், விரலை நக்கி.

சட்டியைக் கழுவித் துடைத்தேன். பட்டர் பேப்பர் வைத்து, ஃபட்ஜை விளிம்பு வரை அடுக்கினேன். நானே எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மைனி கதவைத் திறந்தார். சேலையைப் பார்த்தார். சட்டியை வாங்கினார், கனத்தைக் கையால் பார்த்தார். அடுக்களைக்குள் போனார். மூடி திறக்கும் சத்தம்.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது வாய் அசைந்துகொண்டிருந்தது. கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவன் இருந்தா, ஒரு துண்டு மிச்சம் வச்சிருக்க மாட்டான்."

"நான் குடுத்திருக்க மாட்டேன் மைனி."