சொட்டுகிற வண்டியும் அம்மாவின் பட்டுப்புடவையும்

புதுச்சேரி
16 ஜூலை 2006, ஞாயிறு

அன்பு மகன் யானுக்கு அம்மா எழுதிக்கொள்வது. (எழுதுவது அஞ்செல், சொல்வதுதான் அம்மா, அவள் கை முழுக்கச் சங்கரா மீன் செதில். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் உன் பதினாறு வயதுத் தங்கையின் சொந்தச் சரக்கு, அம்மாவுக்குத் தெரியாது.) இங்கே நான், அப்பா, அஞ்செல் மூவரும் சர்வேசுரன் தயவில் சுகம், வெயில் எங்களைவிடச் சுகம். அங்கே பிரான்சில் நீயும் உன் பட்டாளத்துச் சிநேகிதர்களும் எப்படி இருக்கிறீர்கள், வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளாதே, சோறு வடிக்க உனக்குத் தெரியும். போனில் நீ சிரித்தாயே, அப்பா அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை இன்னுமா வைத்திருக்கிறார் என்று, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் பதினாலு ஜூலை பிரெஞ்சுத் தேசிய விழாவுக்கு அப்பா மெடல்களைக் குத்திக்கொண்டு, வழக்கம்போல என்னைப் பின்சீட்டில் வைத்துக் கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்துக்குக் கூட்டிப்போனார். இறங்கிப் பார்த்தால் என் நீலப்பட்டின் ஓரமெல்லாம் பெட்ரோல். எல்லோரும் விறைத்து நின்று தேசிய கீதம் பாடும்போது பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்கார மதாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள். அன்றைக்கே சொல்லிவிட்டேன், "இது சொட்டாம இருந்தாத்தான் அடுத்த வருஷம் ஏறுவேன். இல்லன்னா நீங்க தனியாப் போங்க, நான் பக்கத்து வூட்டு சுலோசனா ஸ்கூட்டர்ல போறேன்" என்று. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்சன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியதிலிருந்து அவர் அந்த நாளில் தனியாகப் போனதே இல்லை. (அப்பா துக்கத்தில் அன்று சோறே தொடவில்லை. தோசையைத்தான் தொட்டார், எட்டு.)

வருஷம் முழுக்க நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டு இந்த ஜூன் பிறந்ததும் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்தார். கார் இல்லாத வீட்டில் ஒரு கார்புரேட்டர் படுத்திய பாட்டை என்னவென்று சொல்வேன். ரப்பர் குழாய் வெடித்திருக்கிறது என்று மாற்றினார், சொட்டியது. கார்புரேட்டர் அடியில் இருக்கிற கிண்ணத்துக்கு வாஷர் புதிதாகப் போட்டார், சொட்டியது. உள்ளே ஊசி அழுக்கில் மாட்டிக்கொண்டிருக்கும் என்று ஸ்பேனர் பிடியால் லொட்டு லொட்டென்று தட்டினார், கொஞ்ச நேரம் நின்றது, நாங்கள் சந்தோஷப்பட்டதும் மறுபடி சொட்டியது. கீழே ஏந்தி வைத்தது என் இடியாப்பத் தட்டு என்பதையும் தெரிந்துகொள். கடைசியில் கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே பித்தளையில் ஒரு மிதவை, நம் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் பந்து மாதிரி. பெட்ரோல் ஏற ஏற அது மேலே வந்து ஊசியைத் தள்ளி வழியை அடைக்க வேண்டுமாம். காதருகே ஆட்டினால் சலக் சலக் என்றது, அதற்குள்ளேயே பெட்ரோல் புகுந்திருக்கிறது. மிதக்க வேண்டியது குடித்துவிட்டு மூழ்கிக் கிடந்திருக்கிறது. (அப்பாவின் சிநேகிதர்கள் யாரையும் நான் சொல்லவில்லை.) பஞ்சர் பார்ப்பது போல அதை வெந்நீரில் அமுக்கினார், அதுவும் என் காப்பிப் பாத்திரத்தில். ஓர் ஓட்டையிலிருந்து முத்து முத்தாகக் குமிழி வந்தது. உள்ளே இருந்ததை வடித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். பூட்டினால் முன்னைவிடப் பலமாகச் சொட்டுகிறது! உழவர்கரை மெக்கானிக் அம்மாவாசையிடம் புது மிதவை கேட்டதற்கு, "சார், இந்த வண்டிக்கா? மியூசியத்துல கேட்டுப் பாருங்க" என்று சிரித்திருக்கிறான்.

பதின்மூன்றாம் தேதி மத்தியானம் அப்பா மெடல் பெட்டியை மூடிவிட்டு, "நீ சுலோசனா கூடவே போயிடு மரீன்" என்றார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மெதுவாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மிதவையைக் கழற்றித் தரச் சொல்லிக் கையில் வாங்கினேன். உள்ளே அரக்கை அடைத்து எடை கூட்டிய வளையலா என்று நகைக்கடையில் உள்ளங்கையில் தூக்கிப் பார்ப்போமே, அப்படித் தூக்கினேன், கனம் கையிலேயே தெரிந்தது. "இன்னாங்க இது, ஓட்டைய அடைக்கச் சொன்னா ஓட்டைக்குக் கோயிலே கட்டி வச்சிருக்கீங்க? இம்மா ஈயத்த சுமந்துகிட்டு எப்புடி மிதக்கும்?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மிதவையைப் பார்த்தார், அரத்தை எடுத்தார். மச்சம் அளவுக்கு மட்டும் விட்டு மிச்சத்தை ராவி எடுத்துப் பூட்டி, டாங்க் அடியில் இருக்கிற பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டார். நான் கோயிலுக்குப் போடும் வெள்ளை முக்காட்டைக் கொண்டுபோய் அடியில் விரித்தேன். பொழுது சாயும்வரை அதில் ஒரு புள்ளிகூட விழவில்லை. (அப்பா நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். ஒரு காக்கை எச்சம் போடப் பார்த்தது, அதைத் துரத்திய வேகத்தில் அவர் வேட்டி அவிழ்ந்தது.)

மறுநாள் அதே நீலப்பட்டைக் கட்டிக்கொண்டு ஏறினேன். கடற்கரைக்குத் திரும்பும் முக்கில், மெடல் குத்திய பெரியவர்கள் அத்தனை பேருக்கும் எதிரே, வண்டி பொட்டென்று நின்றுவிட்டது. அப்பா உதைக்கிறார், உதைக்கிறார், முகம் சுண்டிவிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. சொட்டுக்குப் பயந்து பயந்து, வண்டி நிற்கும்போதெல்லாம் அந்தப் பெட்ரோல் குழாயைத் திருகி மூடிவைத்தே பழகியவர், அன்று திறக்காமலே கிளம்பியிருக்கிறார், கிண்ணத்தில் இருந்தது அவ்வளவு தூரம்தான் இழுத்தது. உட்கார்ந்தபடியே குனிந்து திறந்துவிட்டேன். "இப்ப உதைங்க" என்றேன். ஒரே உதை. அந்தப் பெரியவர்கள் கை தட்டினார்கள், உன் அப்பாவுக்கா எனக்கா என்று தெரியவில்லை. பாட்டு முடியும்வரை போன வருஷத்து அதே மதாம் என் தோளோடு தோள் நின்றாள், புடவை எந்தக் கடை என்றுகூடக் கேட்டாள். (திரும்பி வர ஏன் அவ்வளவு நேரம் என்று நான் கேட்டேன். காற்று வாங்க அரியாங்குப்பம் பாலம்வரை போனார்களாம். கடற்கரையில் கிடைக்காத காற்று!)

நீயும் அங்கே பழைய வண்டி வாங்கப்போவதாகச் சொன்னாய். வாங்கு, ஆனால் பெட்ரோல் வாசம் வந்தால் உடனே வெளியில் தள்ளி நிறுத்து, பக்கத்தில் நெருப்புக்குச்சி உரசாதே. கிறிஸ்துமஸ் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு

(அண்ணா, அம்மா இதோடு எழுந்துவிட்டாள். தெருவில் அப்பா வண்டியின் ஆரன் சத்தம். மீனைக் குழம்பில் போடும் வேலை என் தலையில். கை கழுவி, பூ வைத்து, பின்சீட்டில் ஏறிய பிறகுதான் உன் நினைவு வந்தது. "சேசு மரி சூசை புள்ளைய காப்பாத்தட்டும்னு எழுதுடீ, லீவ மறக்க வேணாம்னு எழுது" என்று தெருவே கேட்கக் கத்தினாள். எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட வாம்மா என்றேன். கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.)

இப்படிக்கு,
கையாட்டிய அம்மா மரீனுக்காக,
அஞ்செல்