மயோனைஸைக் குறைத்த மாதம்

எனக்காகத் தினமும் காரின் முன்கதவைத் திறந்து வைத்திருந்த என் நிர்மலாவுக்கு,

உம்முடைய ஆண்டுத்திவசம் வருகிறது. அன்று கொடுக்கிற நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி உம்முடைய கணவர் செல்வம் அண்ணை கேட்டார். "நீங்கள் அவவோட அஞ்சு வருசம் ஒரே காரில திரிஞ்சனீங்கள். எங்களை விடக் கூடக் கதைச்சிருப்பியள்" என்றார். அது சரிதான். காரில் கதைத்தோம், காரில் சாப்பிட்டோம். அதனால் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுத வருகிறது. நினைவு மலரில் கோழியைப் பற்றி எழுதலாமோ என்று கேட்டேன். "எழுதுங்கோ தேவகி, அவ என்ன சைவமே?" என்றார்.

இதை வாசிக்கப் போகிறவர்களுக்கு எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். இல்ஃபோர்டில் வீடு வீடாகப் போய், எழுந்து நடக்க முடியாதவர்களைக் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுக்கிற வேலை. ஹொயிஸ்ட் என்கிற தூக்கியால் கட்டிலிலிருந்து தூக்க வேண்டியவர்கள் இருந்தால் ஒருவர் போதாது, இரண்டு பேர் போக வேண்டும். அப்படித்தான் கம்பனி உம்மையும் என்னையும் சோடி சேர்த்தது. காலை ஏழு மணிக்கு முதல் வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் கால் மணித்தியாலம். அதில் பாதி சிவப்பு விளக்கிலேயே போய்விடும்.

முதல் கிழமை நான் சோறும் கறியும் கட்டிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா? மடியில் வைத்துச் சாப்பிட்டு உம்முடைய சீற்றில் பருப்பை ஊற்றினேன். நீர் ஏசவில்லை. அடுத்த நாள் ஃபொயிலில் சுற்றிய ஒன்றைக் கையில் தந்தீர். "இதைப் பிடியும். மேலால உரிச்சு உரிச்சுக் கடியும். விரல் படத் தேவையில்லை" என்றீர். லண்டனுக்கு வருவதற்கு முன்னர் ஜெர்மனியில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் ஆறு வருடம் ரொட்டி சுருட்டிய கை உம்முடையது. எங்கள் வேலையில் எத்தனை தரம் கை கழுவினாலும் விரலால் சாப்பிட மனம் வராது. அதை நான் சொல்லாமலே விளங்கிக்கொண்டீர்.

ஞாயிறு பின்னேரங்களில் கோழி நெஞ்சுத் துண்டுகளை உப்பும் மிளகும் போட்டு அவித்து, ஆறினதும் முள்ளுக்கரண்டியால் பிய்ப்பீர். கத்தியால் வெட்டினால் புளி ஊறாது என்பீர். அதோடு பொடியாக அரிந்த வெங்காயம், ஒரு பச்சைமிளகாய், மல்லி இலை, ஒரு பிடி தகரச் சோளம், பிழிந்த அரைத் தேசிக்காய்ப் புளி, மயோனைஸ். கடைசியாக அரைத் தேக்கரண்டி யாழ்ப்பாணக் கறித்தூள். "இது போடாட்டி ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்பீர். பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாளைக்குப் போதும். புதன்கிழமை திரும்பவும் கொஞ்சம் செய்வீர்.

மிச்சமெல்லாம் காலையில் ஐந்து நிமிட வேலை. ராப் என்கிற அந்த மெல்லிய ரொட்டியை வெறும் தாச்சியில் கொஞ்சம் சூடு காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கும்போது வெடிக்கும். கழுவி ஈரம் துடைத்த லெட்டூஸ் இலையை முதலில் விரிக்க வேண்டும். அதற்கு மேல்தான் கோழி. இலை நடுவில் இருந்தால் ரொட்டி நனையாது. வெள்ளரிக்காயின் விதையைச் சுரண்டி எறிந்துவிட்டு நீளமாக வெட்டி வைக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் உள்ளே மடித்து, கீழிருந்து இறுக்கிச் சுருட்டி, ஃபொயிலில் சுற்றி, ஐஸ் கட்டி வைத்த பைக்குள் போடுவீர். ஒன்று உமக்கு, ஒன்று எனக்கு. ஐந்து வருடத்தில் ஒருநாளும் ஒழுகியதில்லை.

இனி நான் எழுதப் போவதைச் செல்வம் அண்ணையிடமும் உம்முடைய மகள் ஆரணியிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உம்முடைய கடைசி மாதத்தில் ஒருநாள் காரை ஓரத்தில் நிறுத்தி, பாதி ராப்பைத் திரும்பச் சுற்றிப் பைக்குள் வைத்தீர். "நெஞ்சுக்குள்ள எரியுது" என்றீர். நான் என்ன சொன்னேன்? "மயோனைஸைக் குறையும். அது உமக்கு ஒத்துவரேல்லை." அடுத்த கிழமை மயோனைஸ் ஒரு கரண்டியாகியது, மிச்சத்துக்குக் கட்டித் தயிர். எரிவு நிற்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னபோது, "வெறும் வயித்தில தேத்தண்ணி குடிக்கிறீர், வேற என்ன?" என்றேன். மூன்றாம் தரம் நீர் வாயெடுத்தபோது நாங்கள் அடுத்த வீட்டு வாசலில் நின்றோம். நான் மணியை அடித்துவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழுக்குக் கால் மணி இருக்க என் வீட்டு வாசலில் நின்று பத்து நிமிடம் பார்த்தேன். கோபம் வந்தது. "எங்க நிக்கிறீர்? லேட்டாகுது" என்று மெசேஜ் போட்டேன். பதில் இல்லை என்று போன் எடுத்தேன். செல்வம் அண்ணைதான் எடுத்தார். "அம்புலன்ஸ் வந்து நிக்குது" என்றார். அதையே மூன்று தரம் சொன்னார். நான் வந்து சேர முன்னமே எல்லாம் முடிந்திருந்தது. இருதயத்துக்குப் போகிற குழாய் அடைத்துக் கொஞ்சக் காலம் ஆகியிருக்கும் என்று டொக்டர் பிறகு சொன்னாராம்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போனபிறகு செல்வம் அண்ணை என்னிடம் கேட்டார். "உங்களுக்கு ஏதும் சொன்னவவே, தேவகி? உடம்புக்கு ஏலாது எண்டு?"

"இல்லை அண்ணை" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு எட்டு மாதம் திரிந்தேன், நிர்மலா. கம்பனி எனக்குக் கிரேஸ் என்ற கானா நாட்டுப் பெண்ணைச் சோடியாகத் தந்தது. நல்ல மனுசி. கவனமாகக் கார் ஓட்டுவாள். நான் வேலை நேரத்தில் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். ராப் செய்வோம் என்று ஒருநாள் மயோனைஸ் போத்தலை எடுத்துத் திறக்காமலே திரும்ப வைத்தேன்.

போன மாசியில் செல்வம் அண்ணை போன் பண்ணினார். "தேவகி, அந்த ராப் எப்பிடிச் செய்யிறவ?" என்று கேட்டார். ஆரணி ஃபிசியோதெரபி படிக்கிறாள் என்பது உமக்குத் தெரியும். இப்போது ஆஸ்பத்திரியில் பயிற்சி. காலை ஆறு மணிக்கு எலிசபெத் லைன் ரெயின் பிடிக்கிறாள். பின்னேரம் ஒரு மருந்துக் கடையில் வேலை. பிள்ளை சாப்பிடுவதில்லை, மெலிந்துபோனாள் என்று கவலைப்பட்டு, உம்முடைய மனுசன் விடிய எழும்பிப் பிட்டும் கறியும் கட்டிக் கொடுத்திருக்கிறார். அது அப்படியே திரும்பி வந்திருக்கிறது. "ரெயினில நிண்டுகொண்டு பிட்டை எப்பிடியப்பா சாப்பிடுறது?" என்று கேட்டாளாம். "அம்மா செய்யிற மாதிரிச் செய்து தாங்கோவன்" என்றும் சொன்னாளாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உம்முடைய வீட்டுக்குப் போனேன். குசினி துப்புரவாக இருந்தது. செல்வம் அண்ணை கோழியை முதலே அவித்து வைத்திருந்தார், கொஞ்சம் கூட அவிந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொப்பியும் பேனையுமாக நின்றார். வேன் ஓட்டிச் சாமான் இறக்குகிற அந்தப் பெரிய கைகள் வெங்காயத்தை அரிவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது.

"மயோனைஸ் எவ்வளவு?" என்று கேட்டார்.

ஐந்து வருடம் செய்ததைச் சொல்வதா, கடைசி மாதம் செய்ததைச் சொல்வதா?

"ஒரு மேசைக்கரண்டி. மிச்சத்துக்குத் தயிர்."

அவர் எழுதினார். பிறகு நிமிர்ந்தார். "முந்தி அரைப் போத்தல் முடியுமே? நான்தானே கடையில வாங்கிறனான்."

"ஓம். பிறகு குறைச்சவ."

"ஏன்?"

பொய் சொல்லியிருக்கலாம். கொழுப்பு என்று குறைத்தவ என்றால் நம்பியிருப்பார். கையைத் துடைத்துவிட்டுச் சொன்னேன். நெஞ்சு எரிந்தது, மூன்று தரம் சொன்னது, மயோனைஸ் என்று நான் தீர்ப்புச் சொன்னது, மணியை அடித்தது. அவர் கேட்டபோது இல்லை என்றது.

அவர் லெட்டூஸ் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இலையையே திரும்பவும் துடைத்தார். என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"என்னட்டைக் களைப்பு எண்டு சொன்னவ" என்றார் பிறகு. "படியில பாதியில நிண்டுதான் ஏறுவா. ஒருநாள் வேர்த்து ஊத்திச்சு. டபிள் ஷிப்ட் எடுக்காதையும் எண்டு பேசினனான். பேசிப்போட்டு நித்திரைக்குப் போயிட்டன்."

ஆரணி படியில் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. கீழே இறங்கி வந்து குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னட்டைக் கை உளையுது எண்டு சொன்னவா, அன்ரி" என்றாள். "ஹொயிஸ்ட் தள்ளித்தான் எண்டு நினைச்சன். அப்ப நான் ஃபர்ஸ்ட் இயர். எனக்கு எல்லாம் தெரியும் எண்டு நினைப்பு. பிடிச்சுவிட்டு எக்சசைஸ் காட்டிக் குடுத்தன். அவா எனக்காக ஒவ்வொரு நாளும் செய்தவா." தன்னுடைய கையைத் தொட்டுக் காட்டி, "இடக்கை" என்றாள்.

மூன்று பேரும் ஆளையாள் பார்க்க முடியாமல் நின்றோம். எரிவு என்னிடம், களைப்பு அவரிடம், கை உளைவு பிள்ளையிடம். ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடியிருப்போம். உம்மேலும் எனக்குக் கோபம் உண்டு, நிர்மலா, அதையும் எழுதிவிடுகிறேன். முழுவதும் தெரிந்தவர் நீர் ஒருவர்தான். ஏன் ஒருவருக்காவது முழுவதையும் சொல்லவில்லை? எங்களுக்கு நேரம் இல்லை என்று நினைத்தீரா? நேரம் இல்லாத மாதிரித்தான் நாங்களும் நடந்துகொண்டோமா?

ஆரணி அழுதாள். செல்வம் அண்ணை அவளைக் கதிரையில் இருத்தித் தலையைத் தடவினார். "நீ சின்னப்பிள்ளை, உனக்கென்ன தெரியும்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் டொக்டர் இல்லைத்தானே" என்றார். மன்னித்துவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். அப்படி ஒரு சொல்லை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் தாச்சி சூடேறி மணத்தது. அவர் எழும்பி முதல் ரொட்டியைப் போட்டார்.

அவர் சுருட்டிய முதலாவது வெடித்தது. இரண்டாவது பிள்ளைத்தலையணை மாதிரி வந்தது. நான்காவது பரவாயில்லை. ஆரணி ஒன்றைக் கடித்து, "அம்மாவின்ர மாதிரி இல்லை. ஆனா சாப்பிடலாம்" என்றாள். தூள் போட மறந்துவிட்டோம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது அவர் கிழமையில் இரண்டு தரம் கோழி கலக்கிறார். காலை ஐந்தரைக்கு மகளுக்கு இரண்டு ராப் சுருட்டுகிறார். ஒன்று மத்தியானத்துக்கு, ஒன்று மருந்துக் கடைக்கு. தனக்கும் ஒன்றை வேனில் வைத்துக்கொள்கிறார். ஆரணி இரண்டு கிலோ ஏறிவிட்டதாகக் குறைப்படுகிறாள். நானும் திரும்பச் செய்யத் தொடங்கிவிட்டேன். கிரேஸுக்குப் பச்சைமிளகாய் இரண்டு போட வேண்டும்.

போன மாதம் கிரேஸ் கார் ஓட்டும்போது தாடை நோகிறது என்று சொன்னாள். நான் காரை நிறுத்தச் சொன்னேன். நெஞ்சு எப்படி, கை எப்படி, களைப்பு இருக்கிறதா என்று எல்லாம் கேட்டேன். அங்கேயே டொக்டருக்குப் போன் போட வைத்தேன். அடுத்த வீட்டுக்கு இருபது நிமிடம் பிந்திப் போய் ஏச்சு வாங்கினோம். பல்லுக்குள் சீழாம். கிரேஸ் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. நாற்பது வயது தாண்டியவர்களை உடம்பு பார்க்கக் கூப்பிட்டு ஜிபி என்கிற குடும்ப டொக்டர் அனுப்பிய கடிதத்தைச் செல்வம் அண்ணை மூன்று தரம் குப்பையில் போட்டிருக்கிறார். நாலாவதை ஆரணி எடுத்து நாள் வாங்கிவிட்டாள். வருகிற வியாழக்கிழமை பத்தரை மணிக்கு. அவள் பயிற்சியை விட்டு வர ஏலாது, அதனால் நான் கூடப் போகிறேன். "எனக்கு ஒண்டும் இல்லை" என்றுதான் அவர் நேர்ஸிடம் தொடங்குவார். தொடங்கட்டும். பெட்டி தூக்கிவிட்டு வேனில் சாய்ந்து நிற்பது, கால் வீங்குவது, அவருடைய தகப்பனுக்குச் சீனி வருத்தம் இருந்தது, எனக்குத் தெரிந்தது, ஆரணிக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறோம். கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் நான் அந்தக் கதிரையை விட்டு எழும்புவேன். இது உமக்கு நான் தருகிற வாக்கு.

உம்மைவிட எட்டு மாதம் மட்டும் மூத்த அக்கா,
தேவகி