உங்கள் படம் ஒட்டிய டைல்ஸ்

என்னவருக்கு,

நீங்கள் கரையேறி நம் ஊர் எல்மினாவுக்குள் வரும்போது, எவர் வீட்டு மேசையிலாவது உங்கள் முகத்தின் மேல் பியர் பாட்டில் நிற்பதைக் கண்டால் கோபப்படாதீர்கள். சனிக்கிழமை உங்கள் துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு நம் ஊர் வழக்கப்படி நினைவுப் பொருளாகக் கொடுக்க நாங்கள் வீட்டிலேயே செய்தவை அவை.

உடல் இல்லாமல் துக்கம் எப்படி என்று கேட்டேன். "படகுல போன ஒருத்தருமே திரும்பலை. இன்னும் எத்தனை நாள் காத்திருக்கச் சொல்றே?" என்றார் உங்கள் அண்ணன் எபோ.

அதனால் உங்கள் தங்கை அராபாவும் நானும் முற்றத்தில் உட்கார்ந்து, பாட்டிலும் டம்ளரும் வைக்கிற அளவு டைல்ஸ் துண்டுகளில் உங்கள் படத்தை ஒட்டினோம். நம் கல்யாணத்தில் நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கிற படம். பசை பிடிக்கும்வரை ஒவ்வொரு முகத்தையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

"வார்னிஷ் பூசறதுக்கு முன்னாடி கீழே தேதி போடணுமாம் அண்ணி. எந்தத் தேதி?"

எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கடலுக்குப் போன தேதியைப் போடச் சொன்னார் அண்ணன். அராபா ஒன்றில் எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டாள்.

"அவன் வந்து பார்த்தா என்னைக் கொன்னுடுவான் அண்ணி" என்று சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறவும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மீதியை நான்தான் எழுதினேன். அன்று காலை பொரித்த மீனில் உப்புப் போதவில்லை என்று என்னைத் திட்டினீர்களே, அந்த நாளை எப்படி இறந்த நாளாக எழுதுவது? முதல் சிலவற்றில் எழுத்து கோணிப்போயிருக்கும்.

போகப்போக நேராகிவிட்டது. கடைசித் துண்டில் எழுதும்போது கை நடுங்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் அழுதேன்.

உங்கள் மனைவி